ஏரோ முடித்தவள் பட்டறைக்குப் போகலாமா?

கேள்வி:

அக்கா, எனக்கு ஊர் களியக்காவிளை பக்கம். இந்த வருஷம் பி.இ. ஏரோநாட்டிக்கல் முடித்தேன், சிஜிபிஏ 7.4. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார், அம்மா முந்திரி உடைக்கிற அண்டியாபீஸ் வேலைக்குப் போகிறாள். ஆறு இன்டர்வியூ போய்விட்டேன். எல்லா இடத்திலும் “உனக்கு என்ன செய்யத் தெரியும்?” என்று கேட்கிறார்கள். ஆன்சிஸ், கேட்டியா என்று சாஃப்ட்வேர் பெயர்களைச் சொல்கிறேன். “சரி, கூப்பிடுகிறோம்” என்று அனுப்பிவிடுகிறார்கள். இஸ்ரோ அறிவிப்பைத் திறந்தால் மெக்கானிக்கல் கேட்கிறார்கள். இப்போது கையில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று டெக்னோபார்க்கில் வங்கி சாஃப்ட்வேர் டெஸ்டிங், இரண்டு வருஷம் பாண்ட். இன்னொன்று நெய்யாற்றின்கரை தாண்டி கம்ப்யூட்டரால் இயங்கும் சிஎன்சி மெஷின்கள் உள்ள ஒரு பட்டறையில் குவாலிட்டி டிரெய்னி, சம்பளம் பாதிதான், ஆனால் ராக்கெட் உதிரிபாகம் செய்கிறார்களாம். சித்தப்பாவோ வீட்டு மனையை வைத்துக் கடன் வாங்கி அமெரிக்காவுக்கு எம்.எஸ். போகச் சொல்கிறார். “நாலு வருஷம் விமானம் படித்தவள் லேத் பட்டறைக்கா?” என்று அம்மா அழுகிறாள். பட்டறையில் சேரும் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தோழிகளோடு பால்சா மரத்தில் ஆளில்லா விமான இறக்கை செய்த என் ப்ராஜெக்ட் அறிக்கையையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். நான் என்ன செய்ய?

பதில்:

தங்கச்சி, பட்டறைக்குப் போ.

முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். அம்மாவிடம் நீ பேசும்போது உனக்கு அது தேவைப்படும்.

இருபத்திரண்டு வருஷமாக இந்தத் துறையில் இருக்கிறேன். முதலில் பெங்களூரில் விமானப் பாகங்களுக்கு ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ், பிறகு திருவனந்தபுரத்தில் தரக் கட்டுப்பாடு. எனக்கும் ஊர் குழித்துறைதான். காலையில் பாசஞ்சர் ரயிலில் பாறசாலை தாண்டியதும் பேச்சு மலையாளத்துக்கு மாறிவிடும், சாயங்காலம் திரும்பும்போது தமிழுக்கு வந்துவிடும். இந்த இரண்டு பேச்சும் தெரிந்திருப்பது உனக்கு எவ்வளவு பெரிய வசதி என்பதைப் பட்டறையில் கால் வைத்த முதல் வாரமே தெரிந்துகொள்வாய். மெஷின் ஓட்டுகிற சேட்டன்மார் தொழில் ரகசியத்தைத் தங்கள் பேச்சில்தான் சொல்லித்தருவார்கள்.

ஆறு இடத்தில் உன்னைக் கேட்ட அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். நானும் இப்போது இன்டர்வியூ எடுக்கிறேன், அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். கேட்பவர் எதிர்பார்ப்பது சாஃப்ட்வேர் பட்டியலை அல்ல. ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நீ கொண்டுபோயிருக்கிறாயா, நடுவில் தப்பு வந்தபோது என்ன செய்தாய் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். கல்லூரியில் நாம் விமானத்தை முழுசாகப் படிக்கிறோம். ஏரோடைனமிக்ஸ், ப்ரொபல்ஷன், ஸ்ட்ரக்சர்ஸ், ஃப்ளைட் மெக்கானிக்ஸ் எல்லாம் ஒரு செமஸ்டருக்கு ஒன்றாக வந்து போகும். தொழிலில் முழு விமானத்தை யாரும் ஒருவர் கையில் கொடுப்பதில்லை. ஒரு பிராக்கெட்டைக் கொடுப்பார்கள், அல்லது ஒரு வால்வு பாடியை, ஒரு ஃப்ளேஞ்சை. அதன் வரைபடம், உலோகம், அளவு, பரிசோதனை, கையெழுத்து அத்தனைக்கும் நீதான் பொறுப்பு. படிப்பிலிருந்து தொழிலுக்குப் போவது என்றால் என் அனுபவத்தில் இதுதான்: முழு விமானத்திலிருந்து ஒரு உதிரிபாகத்துக்கு இறங்கி வந்து, அந்த ஒன்றை முழுசாக அறிந்துகொள்வது.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் இருக்கும். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவரின் வரைபடத்தைப் பார்த்து மெஷினிங் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. நம் கல்லூரிகளில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் ப்ரொஜெக்‌ஷனில்தான் படம் வரையப் பழகுகிறோம். அமெரிக்கர்கள் வரைவது தேர்ட் ஆங்கிளில். வலப்பக்கத் தோற்றத்தை நாம் இடப்பக்கத்தில் வரைவோம், அவர்கள் வலப்பக்கத்திலேயே வரைவார்கள். எந்த முறை என்று சொல்ல, படத்தின் மூலையில் நுனி வெட்டிய கூம்பு ஒன்றைச் சின்னமாகப் போட்டிருப்பார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. பக்கத் துளைகள் எல்லாம் இடம் வலம் மாறி, 7075 அலுமினியத்தில் பன்னிரண்டு பிராக்கெட்டுகள் குப்பைக்குப் போயின. மேலதிகாரி சத்தம் போடவில்லை. பன்னிரண்டுக்கும் தனித்தனியாக ரிஜெக்‌ஷன் அறிக்கையை என் கையாலேயே எழுதச் சொன்னார். ஏழாவதை எழுதும்போது அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு வரைபடத்தை எடுத்தால் என் கண் முதலில் போவது அந்தக் கூம்புக்குத்தான்.

நாலு வருஷப் படிப்பு எனக்குத் தராத ஒன்றை அந்தப் பன்னிரண்டு துண்டுகள் தந்தன. உனக்கு வந்திருக்கும் டிரெய்னி வேலை அதை உன் கைக்கே கொண்டுவந்து தருகிறது.

ஒரு ராக்கெட் உதிரிபாகம் பட்டறைக்குள் என்னென்ன படுகிறது என்று பார். முதலில் உலோகக் கட்டி வருகிறது. கூடவே உருக்காலையின் சோதனைச் சான்றிதழும், எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பரும் வரும். அந்த எண் கட்டியிலும் இருக்க வேண்டும், அதிலிருந்து வெட்டும் ஒவ்வொரு துண்டுக்கும் மாறாமல் போக வேண்டும். ஒரு துண்டில் எண் அழிந்துவிட்டால், உலோகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பறக்கும் பாகத்துக்கு உதவாது. பிறகு மெஷினிங், தேவைப்பட்டால் ஹீட் ட்ரீட்மென்ட். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சாயம் ஊறவைக்கும் டை பெனட்ரன்ட் சோதனை. அப்புறம் சிஎம்எம் என்ற முப்பரிமாண அளவு மெஷினில் வைத்து அளவு. முதல் துண்டுக்கு ஃபர்ஸ்ட் ஆர்ட்டிகிள் இன்ஸ்பெக்‌ஷன் என்று ஒன்று உண்டு. வரைபடத்தில் இருக்கும் ஒவ்வோர் அளவுக்கும் வட்டமிட்டு எண் போட்டு, கேட்ட அளவு என்ன, வந்த அளவு என்ன என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். ஒரு சின்ன வால்வு பாடிக்கே நூறு இருநூறு வரி வரும். இதை ஒரு வருஷம் செய்தவள் வரைபடத்தைப் பார்த்ததும் “இந்தத் துளைக்கு இவ்வளவு நெருக்கமான டாலரன்ஸ் எதற்கு? இதை எப்படிப் பிடித்து மெஷின் செய்வார்கள்?” என்று கேட்பாள். டிசைன் அலுவலகத்தில் உட்கார்ந்தே வளர்ந்த பலருக்கு இந்தக் கேள்வி பத்து வருஷம் கழித்தும் தோன்றுவதில்லை. நல்ல டிசைனர்கள் என்று நான் மதிக்கும் எல்லோருமே ஏதோ ஒரு காலத்தில் பட்டறை எண்ணெய் கையில் பட்டவர்கள்.

நம் பக்கத்தில் இந்தத் தொழில் வளர்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் சவுண்டிங் ராக்கெட் போனது. அதைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். வலியமலையில் திரவ உந்துவிசை மையம், வட்டியூர்க்காவில் இனர்ஷியல் சிஸ்டம்ஸ் பிரிவு, நம் பக்கம் மகேந்திரகிரியில் எஞ்சின் சோதனை நிலையம். இஸ்ரோ பல பத்தாண்டுகளாகப் பாகங்களைப் பெருமளவில் வெளியே கொடுத்துத்தான் செய்துவாங்குகிறது. அதனால் இந்த மையங்களுக்கு வேலை செய்து கொடுக்கும் சின்னதும் பெரியதுமான பட்டறைகள் சுற்றிலும் முளைத்தன. இப்போது அந்தக் கதவு இன்னும் அகலமாகத் திறக்கிறது. ஐந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டுகளைத் தயாரித்துத் தரும் ஒப்பந்தம் 2022இல் ஹெச்ஏஎல், எல் அண்ட் டி கூட்டணிக்குப் போனது. அதே வருஷம் நவம்பரில் ஹைதராபாத்தின் ஸ்கைரூட் தன் விக்ரம்-எஸ் ராக்கெட்டை ஏவியது. 2024 மே மாதம் சென்னையின் அக்னிகுல் தன் ராக்கெட்டை ஏவியது. அதன் எஞ்சின் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்தது. குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அந்த வருஷம் பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இவர்கள் எல்லோருக்குமே பாகத்தை அளந்து, “இது பறக்கலாம்” என்று பொறுப்போடு கையெழுத்துப் போடும் ஆட்கள் வேண்டும்.

பட்டறையில் சேரும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள். ஏ.எஸ். 9100 சான்றிதழ் இருக்கிறதா என்று கேள். விமான, விண்வெளித் தொழிலுக்கான தரமுறைச் சான்று அது. அது இருந்தால், அங்கே ஒரு வருஷம் நீ செய்த வேலையை வெளியே எந்தக் கம்பெனியும் மதிக்கும். சொந்தமாக சிஎம்எம் இருக்கிறதா, உன்னை அதில் தொட விடுவார்களா, ஆறு மாதம் கழித்து ப்ராசஸ் பிளானிங் பக்கம் மாற்றுவார்களா என்று கேள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் ஒத்துக்கொள்ளாதே. நகல் கொடு, அசலைக் காட்டு, திரும்ப வாங்கிக்கொள். ஷிஃப்ட் முடிந்து எப்படி வீடு திரும்புவாய் என்பதையும் வெட்கப்படாமல் கேட்டுவிடு. பெண்பிள்ளைகளை மெஷின் பக்கம் விடாமல் கம்ப்யூட்டரில் டைப் அடிக்க மட்டும் உட்காரவைக்கும் இடங்களும் இருக்கின்றன. அது எனக்கு நடந்திருக்கிறது. “எனக்கு வெர்னியரும் மைக்ரோமீட்டரும் கையில் வேண்டும்” என்று முதல் நாளே சொல்லிவிடு. அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். எந்த வரைபடத்தையும் போனில் படம் எடுக்காதே, வீட்டுக்குக் கொண்டுபோகாதே. ராக்கெட் வரைபடத்தில் அந்தத் தப்பைச் செய்தால் வேலையோடு மட்டும் போகாது.

இனி உன் ப்ராஜெக்ட். ஆளில்லா விமானத்தின் இறக்கையை என்ஏசிஏ 4412 என்ற குறுக்குவெட்டு வடிவத்தில் எடுத்து ஆன்சிஸில் ஓட்டினோம், மேலே தூக்கும் லிஃப்ட் வந்தது, பின்னே இழுக்கும் டிராக் வந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த நாலு எண்ணில் முதல் 4 என்பது வளைவு, 4 சதவீதம். அடுத்த 4, அந்த வளைவு அதிகபட்சமாக இருக்கும் இடம், முன்விளிம்பிலிருந்து 40 சதவீதத்தில். 12 என்பது தடிமன், 12 சதவீதம். இது உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் வந்த லிஃப்ட் சரியா என்று எப்படிச் சோதித்தாய்? அமெரிக்கர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காற்றுச் சுரங்கத்தில் இந்த வடிவத்தைச் சோதித்து, அளவுகளை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட்டிருக்கிறார்கள். உன் விடையை அதன் பக்கத்தில் வை. கணக்குக்காக இடத்தைச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும் மெஷ்ஷை இரண்டு மடங்கு நெருக்கமாக்கினால் விடை மாறுகிறதா என்று பார். மாறினால் உன் பழைய விடையை நம்ப முடியாது. ஆன்சிஸ் லைசென்ஸ் இனிக் கிடைக்காது என்று கவலைப்படாதே. ஓப்பன்ஃபோம் என்ற சாஃப்ட்வேர் இலவசம். சாதாரண லேப்டாப்பில் இரு பரிமாணக் கணக்கு தாராளமாக ஓடும்.

இதைவிட ஒரு நல்ல வேலை இருக்கிறது, இந்த மாதமே செய்யலாம். நீங்கள் செய்த அந்த இறக்கை இன்னும் கல்லூரி லேபிலோ யாராவது தோழி வீட்டுப் பரணிலோ கிடக்கும். அதை வாங்கி வா. உன் விமானத்தின் எடை 4 கிலோ என்று எழுதியிருந்தாய். நேராகப் பறக்கும்போது ஒவ்வொரு பக்க இறக்கையும் 2 கிலோ தாங்குகிறது. திரும்பும்போது மூன்று மடங்கு பளு வரும் என்று வடிவமைத்திருக்கிறீர்கள், அப்படியென்றால் 6 கிலோ. விமானத் தொழிலில் அதற்கு மேலே 1.5 என்ற காப்புக் காரணியால் பெருக்குவார்கள், 9 கிலோ வரும். பெரிய விமானங்களின் விதிப்படி, அந்த உச்சப் பளுவை அமைப்பு உடையாமல் குறைந்தது 3 விநாடி தாங்க வேண்டும்.

இப்போது இறக்கையைத் தலைகீழாகத் திருப்பி, விமான உடலோடு சேரும் அடிமுனையை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கு. தலைகீழாக ஏன் என்று உனக்கே புரியும். காற்று மேல்நோக்கித் தள்ளுவதை நாம் பளுவை வைத்துக் கீழ்நோக்கித்தான் காட்ட முடியும். வீட்டில் இருக்கும் ரேஷன் அரிசியை அரைக் கிலோ பைகளாகக் கட்டினால் பதினெட்டுப் பை வரும். அடிமுனைப் பக்கம் கூடவும் நுனியில் குறையவும் பரப்பு, ஏனென்றால் லிஃப்ட் அப்படித்தான் பரவுகிறது. ஒவ்வொரு இரண்டு பைக்கும் நுனி எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று சுவரில் ஸ்கேலை ஒட்டிக் குறித்துக்கொள். பிறகு ஒரு தாளில் கணக்குப் போடு. ஒரு முனை மட்டும் இறுக்கிய கான்டிலீவர் பீமின் நுனியில் பளுவைத் தொங்கவிட்டால், தொய்வுக்குப் பளுவை நீளத்தின் மும்மடியால் பெருக்கி 3இஐ ஆல் வகுப்போம் (இ பொருளின் மீள்மைக் குணகம், ஐ குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறன்). அதே பளுவைச் சீராகப் பரப்பினால் 8இஐ ஆல் வகுப்போம். உன்னுடையது சீரான பரப்பைவிட அடிமுனைப் பக்கம் கூடுதலாக உட்கார்ந்திருப்பதால் தொய்வு இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும். அளந்ததும் கணக்கும் ஒத்துப்போகாது. ஏன் போகவில்லை என்று தேடு. பசை ஒட்டிய இடம் வழுக்குகிறதா, கிளாம்ப் அசைகிறதா, பால்சா மரத்தின் மீள்மைக் குணகத்தைத் தப்பாக எடுத்தாயா?

அடுத்த இன்டர்வியூவில் “என்ன செய்யத் தெரியும்?” என்று கேட்கட்டும். இந்தப் பரிசோதனையின் போட்டோவும் ஒரு பக்கக் கணக்கும் கையில் இருக்கட்டும். “கணக்கு இவ்வளவு சொன்னது, அளந்தது இவ்வளவு, வித்தியாசத்துக்கு இதுதான் காரணம் என்று கண்டுபிடித்தேன்” என்று சொல்கிற பெண்ணை நான் அனுப்பிவிட மாட்டேன். அப்படி ஒருத்தி என் முன்னால் வந்து உட்கார வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் ஆசைப்படுகிறேன்.

இஸ்ரோவைப் பற்றி. நீ பார்த்தது சரிதான். மையத் தேர்வு வாரியத்தின் விஞ்ஞானி, பொறியாளர் அறிவிப்புகளில் பெரும்பாலும் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயன்ஸ்தான் வரும். ஏரோஸ்பேஸுக்கான இடங்கள் குறைவு. அவை தனித்தனி மையங்களின் அறிவிப்புகளில், அதுவும் பல நேரம் எம்.டெக். தகுதியோடு எட்டிப் பார்க்கும். அதனால் அந்த ஆசையை விட்டுவிடாதே, ஆனால் அதை மட்டும் நம்பி வீட்டில் உட்காராதே. பட்டறை வேலையோடு சேர்த்து கேட் தேர்வுக்குப் படி. ஏரோஸ்பேஸ் தாளில் நல்ல மதிப்பெண் வந்தால் ஐஐடிகள், பெங்களூர் ஐஐஎஸ்ஸி, குரோம்பேட்டை எம்ஐடி, நமக்கு மிகப் பக்கத்தில் வலியமலையில் விண்வெளிப் படிப்புக்கான ஐஐஎஸ்டி என்று எம்.இ., எம்.டெக். வாய்ப்புகள் திறக்கும். ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவும் விஞ்ஞானி ‘பி’ பணிக்கு கேட் மதிப்பெண்ணை வைத்து ஏரோநாட்டிக்கல் படித்தவர்களை எடுக்கிறது. இஸ்ரோ மையங்களின் ஓராண்டு அப்ரன்டிஸ் அறிவிப்புகள் வந்தால் அதில் உன் பாடம் இருக்கிறதா என்று பார், இருந்தால் தவறாமல் போ. வேலை நிரந்தரமாகாது, ஆனால் உள்ளே எப்படி வேலை நடக்கிறது என்று ஒரு வருஷம் பார்க்கலாம்.

அம்மாவிடம் நம் மாவட்டத்து இரண்டு பேரைப் பற்றிச் சொல். இஸ்ரோ தலைவராக இருந்த சிவன் சரக்கல்விளைக்காரர். அவர் படித்தது உன் பாடம்தான், 1980இல் எம்ஐடியில் ஏரோநாட்டிக்கல் முடித்தார், பிறகு ஐஐஎஸ்ஸியில் எம்.இ. அப்புறம் 2025 ஜனவரியில் தலைவராகப் பொறுப்பேற்ற நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். அவர் தொடங்கியது மெக்கானிக்கல் டிப்ளமோவில். சில கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு 1984இல் இஸ்ரோவில் சேர்ந்தார். கரக்பூர் ஐஐடியில் கிரையோஜெனிக் எம்.டெக்.கும், ஏரோஸ்பேஸில் பி.ஹெச்டி.யும் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்தவை. ஒருவர் பட்டத்தோடு போனார், இன்னொருவர் வேலையின் நடுவில் பட்டங்களைச் சேர்த்தார். “விமானம் படித்தவள் பட்டறைக்கா?” என்று அம்மா அழுவது எனக்குப் புரிகிறது. நாள் முழுக்க உட்கார்ந்து அண்டிப்பருப்பு உடைத்துக் கை புண்ணானவள், மகள் ஏசி அறையில் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். ஒரு நாள் அவளையும் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போ. அனுமதி கேட்டால் கொடுப்பார்கள். சிஎம்எம் அறை குளிரூட்டப்பட்டதாகத்தான் இருக்கும், 20 டிகிரியில் வைத்தால்தான் அளவு சரியாக வரும். மகள் அங்கே என்ன செய்யப்போகிறாள் என்று நேரில் பார்த்தால் பயம் பாதி குறையும்.

சித்தப்பாவின் யோசனைக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஏரோஸ்பேஸ் எம்.எஸ். நல்ல படிப்புதான். ஆனால் அங்கே ராக்கெட், போர் விமானம், செயற்கைக்கோள் செய்யும் கம்பெனிகள் ஐடார் போன்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்கு உட்பட்டவை. அந்தத் தொழில்நுட்பத் தகவலை வெளிநாட்டவருக்குக் காட்டுவதே ஏற்றுமதி செய்வதற்குச் சமம் என்கிறது சட்டம். ஆகவே பெரும்பாலான வேலை அறிவிப்புகளில் அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் என்று முதல் வரியிலேயே இருக்கும். மாணவர் விசாவில் போன நம் பிள்ளைகள் பலர் இதைப் படிப்பு முடியும் நேரத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள். அப்புறம் கார் கம்பெனிக்கோ சாஃப்ட்வேருக்கோ போகிறார்கள். முழு உதவித்தொகையோடு பி.ஹெச்டி.க்கு இடம் கிடைத்தால் தாராளமாகப் போ. வீட்டு மனையை அடகு வைத்து எம்.எஸ்.க்குப் போகாதே. அப்பா விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்ப் பால் வெட்டிச் சேர்த்த மண் அது.

டெக்னோபார்க் வேலையைத் தாழ்த்திச் சொல்லவில்லை. வீட்டில் உடனே பணம் தேவை, கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் அதை எடு, அதில் ஒரு குறையும் இல்லை. உன் கடிதத்தில் அப்படி அவசரம் எதுவும் தெரியவில்லை, அதனால்தான் பட்டறை என்கிறேன். வங்கி சாஃப்ட்வேரில் இரண்டு வருஷ பாண்ட் முடிந்து வரும்போது, ஏரோ படிப்பு இரண்டு வருஷம் பழசாகியிருக்கும், கையில் அதற்குச் சாட்சியாக ஒன்றும் இருக்காது. அதே டெக்னோபார்க்கில் விமானக் கம்பெனிகளுக்கு எஞ்சினியரிங் வேலை செய்து தரும் நிறுவனங்களும் இருக்கின்றன. விமானத்தில் ஏறும் சாஃப்ட்வேரை டிஓ-178சி என்ற தரமுறைப்படி சோதிக்கும் வேலை கிடைத்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். பட்டறையில் ஒன்றரை வருஷம் கழிந்த பிறகு அந்தக் கதவுகளையும் தட்டிப் பார்.

இன்னும் சில, சுருக்கமாக. விமான நிலையத்தில் விமானத்தைப் பராமரித்துக் கையெழுத்துப் போடும் ஏஎம்இ வேலை வேறு, உன் பி.இ. வேறு. அதற்கு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் உரிமம் வேண்டும், தனித் தேர்வுகளும் பராமரிப்பு அனுபவமும் வேண்டும். உறவினர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசுவார்கள், நீ குழம்பாதே. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பாய். அந்த இறகும் ஏரோடைனமிக்ஸும் காம்போசிட்டும் சேர்ந்ததுதான், அந்தத் தொழிலிலும் உன் படிப்புக்கு இடம் உண்டு. டெபாசிட் கட்டினால் இஸ்ரோவில், ஏர்போர்ட்டில் வேலை என்று யார் வந்து சொன்னாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. இஸ்ரோ தன் இணையதளத்தில் அறிவித்துத்தான் ஆள் எடுக்கிறது, காசு வாங்கி இடம் தரும் ஏஜென்ட் என்று யாரும் கிடையாது.

பட்டறையில் முதல் மூன்று மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். நாள் முழுக்க நின்று கால் வீங்கும். ஐடிஐ முடித்த பையன் உன்னைவிட வேகமாக அளப்பான். அவனிடம் கேட்டுக் கற்றுக்கொள், பட்டத்தைக் காட்டாதே. தினமும் அன்று பார்த்த ஒரு தப்பை நோட்டில் எழுது. வரைபடத்தை அல்ல, தப்பை மட்டும்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள். ஒரு வருஷத்தில் முந்நூறு பக்கம் சேரும். நான் எழுதிய அந்த மாதிரி நோட்டு இன்னும் என் மேசை அறையில் இருக்கிறது.

சேரும் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதற்குள் அரிசிப் பை சோதனையை முடித்துவிடு. கணக்கு எத்தனை மில்லிமீட்டர் சொன்னது, ஸ்கேல் எத்தனை காட்டியது, இரண்டையும் எழுதி எனக்கு அனுப்பு. பதினெட்டாவது பை வரும் முன்பே இறக்கை உடைந்துவிட்டால், எத்தனையாவது பையில், எந்த இடத்தில் உடைந்தது என்று போட்டோ எடுத்து அனுப்பு. நானும் பார்க்கிறேன்.